வாயில் இருக்கும் கவிதை: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஐயாக்களே, அம்மாக்களே,

ஒவ்வோர் ஆண்டும் இலக்கிய மன்ற விழா, கலைத் திருவிழா என்று வரும்போது கவிதைப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒப்புவித்தல் போட்டி எல்லாவற்றையும் முன்னின்று நடத்துபவர்கள் நீங்கள்தான். என்னைப் போன்றவர்களை நடுவராக அழைத்து, தேநீர் கொடுத்து, தாள்களைக் கையில் தருகிறீர்கள். பாடத்தை முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், தேர்வுத்தாள் திருத்த வேண்டும் என்ற நெருக்கடிக்கு நடுவே இதையும் இழுத்துப்போட்டுச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதை மாறாமல்தான் இதை எழுதுகிறேன். நம் கவிதைப் போட்டிக்குள் நுழையவே வழியில்லாத ஒரு பிள்ளையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அதற்கு முன்னால், இங்கிலாந்தில் அப்படி ஒரு பிள்ளையாக இருந்து கவிஞரான ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பெஞ்சமின் செஃபனாயா 1958 ஏப்ரல் 15 அன்று பர்மிங்ஹாமில் பிறந்தார். அப்பா பார்படோஸ் தீவுக்காரர், அஞ்சல் துறையில் வேலை. அம்மா ஜமைக்காவிலிருந்து வந்த செவிலியர். வளர்ந்தது ஹேண்ட்ஸ்வொர்த் என்ற பகுதியில். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. ஐரோப்பாவில் ஜமைக்காவுக்கு ஒரு தலைநகரம் உண்டென்றால் அது எங்கள் பேட்டைதான் என்கிற தொனியில் பின்னாளில் பெருமையாகப் பேசுவார். சொந்த ஊர்ச் சொலவடைகளையும் சந்தம் வைத்த பேச்சையும் அம்மா வீட்டில் சொல்லக் கேட்டே வளர்ந்தார். புத்தகத்தில் கவிதை என்று ஒன்று இருப்பது தெரியும் முன்பே அது காதுவழியாக அவருக்குள் இறங்கிவிட்டது. பத்துப் பதினோரு வயதில் தேவாலயத்தில் சபைக்கு முன்னால் நின்று சொல்லிக்காட்டியதுதான் அவருடைய முதல் மேடை.

பள்ளிக்கூடத்தில் கதை வேறு. எழுத்துகள் அவருக்குப் பிடிபடவில்லை. எழுத்துக்கூட்டி ஓரளவு வாசிப்பார். ஆனால் அதற்கே அவ்வளவு பாடுபட வேண்டியிருந்ததால் பாதியில் விட்டுவிடுவார். அது டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடு என்று அன்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர்களோடு வாதாடினார், மற்ற பையன்களோடு அடிதடியும் இருந்தது. பள்ளி மாற்றிப் பள்ளி வெளியேற்றினார்கள். 13 வயதில் பள்ளி வாழ்க்கையே முடிந்தது.

பள்ளி நாட்களிலேயே தலைக்குள் கவிதைகள் இருந்தன. பத்துப் பதினோரு வயதில் அவர் சொல்லச் சொல்ல அவற்றில் சிலவற்றை அவருடைய சகோதரி தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிற்காலத்தில் செஃபனாயாவே இதைச் சொன்னார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். சிறுபிள்ளை ஒருத்தி பென்சிலோடு உட்கார்ந்து, தன் உடன்பிறப்பு வாயால் கட்டியதைத் தாளில் இறக்கியிருக்கிறாள். பிழை பார்க்கவில்லை, கையெழுத்தைக் குறை சொல்லவில்லை. ‘இதை எழுதத் தெரியாதவனுக்குக் கவிதை எதற்கு’ என்று கேட்கவும் இல்லை. பள்ளி செய்யத் தவறியதை வீட்டில் ஒரு குழந்தை செய்துவிட்டது.

அவருடைய அடுத்த பள்ளிக்கூடம் தெருவில் இருந்தது. அக்காலப் பிரிட்டனில் பல கேளிக்கை விடுதிகள் கறுப்பின இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் வீடுகளின் நிலவறைகளிலும் வாடகை மண்டபங்களிலும் அவர்களே இசை விருந்து நடத்திக்கொண்டார்கள். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி ரெகே இசைத்தட்டுகளைச் சுழலவிடும் குழுவுக்கு ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர். தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு இருக்கும். மறுபக்கத்தில் அதே பாட்டில் குரலை எடுத்துவிட்டு பேஸும் டிரம்ஸும் மட்டும் அதிரும். அந்தக் காலி இடத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசுவார். பேட்டைச் செய்தி, கேலி, காதல், நேற்று போலீஸ் யாரைப் பிடித்துக்கொண்டு போனது, எல்லாம் தாளம் தப்பாமல் வரும். கூட்டத்துக்குப் பிடித்துவிட்டால் தட்டை முதலிலிருந்து போடச் சொல்லிக் கத்தும். கவியரங்கத்தில் நல்ல வரி ஒன்று விழுந்ததும் ‘மறுபடியும்’ என்று நம் ஆட்கள் குரல் கொடுப்பதைப் போலத்தான். பிடிக்காவிட்டாலும் அந்த நொடியே முகத்தில் தெரிந்துவிடும். செஃபனாயா அங்கே பழகினார். 15 வயதில் ஹேண்ட்ஸ்வொர்த்தில் அவருக்கென்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

அதற்குள் வாழ்க்கை மறுபக்கமும் இழுத்தது. சீர்திருத்தப் பள்ளி, திருட்டு வழக்கு, சிறை எல்லாம் வந்தன. அன்றைய இங்கிலாந்தில் 1824-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் ஒரு பிரிவை வைத்து, குற்றம் செய்யக்கூடும் என்ற சந்தேகத்தின் பேரிலேயே ஒருவரைத் தெருவில் கைதுசெய்ய முடியும். கறுப்பின இளைஞர்கள்மீது அது கண்டபடி பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்து 1981-இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அந்தச் சூழலில் 13 வயதுப் பையனைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினால் அவன் எங்கே போய் நிற்பான் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. செஃபனாயா தப்பித்தார். அவரோடு வெளியேற்றப்பட்ட எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட இல்லை. அதனால், வெளியே தள்ளியதால்தான் அவர் கவிஞரானார் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இருபது வயதைத் தாண்டியதும் லண்டனுக்குப் போனார். 1980-இல் ‘பென் ரிதம்’ என்ற முதல் தொகுப்பு வந்தது. வெளியிட்டது ‘பேஜ் ஒன் புக்ஸ்’ என்ற சிறிய கூட்டுறவுப் பதிப்பகம். அந்தப் புத்தகத்தையும் அவர் உட்கார்ந்து எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவருடைய தோழி எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில், 21 வயதில், முதியோர் கல்வி வகுப்பு ஒன்றில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். ‘உனக்கு டிஸ்லெக்ஸியா’ என்று முதன்முதலில் அவருக்குச் சொன்னவர் அந்த வகுப்பாசிரியர்தான். இதற்கு ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்று செஃபனாயா கேட்டாராம். அந்த வெள்ளந்தியான கேள்வியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. 21 ஆண்டுகளாக அந்த மனிதருக்குத் தன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

அவர் எழுதத் தொடங்கியபோது சொல்லை ஒலிக்கிறபடியே எழுதினார். வாசித்தவர்கள் அது ஜமைக்கப் பேச்சுமொழியைத் தாளில் கொண்டுவரும் பாணி என்று எடுத்துக்கொண்டார்கள். பள்ளித் தாளில் சிவப்பு மையில் மூழ்கியிருக்கக்கூடிய அதே எழுத்து, புத்தகத்தில் கவிஞரின் தனிக்குரலாக மதிக்கப்பட்டது. உண்மையில் அதில் இரண்டும் இருந்தன. சிலது வராததால் அப்படி எழுதினார், சிலது வேண்டுமென்றே அப்படி எழுதினார். நாளாக ஆக இரண்டையும் பிரிக்க முடியாமல் போனது.

அந்த வழி அவருக்கு முன்பே திறந்திருந்தது. ஜமைக்காவில் மிஸ் லூ என்று எல்லோரும் அழைத்த லூயிஸ் பென்னட் (1919–2006), சந்தைப் பெண்களும் வண்டிக்காரர்களும் பேசும் மொழியிலேயே கவிதை சொன்னார். அரங்கம் நிறைய ஜனங்கள் வந்தார்கள். ஆனால் 1962-இல் அந்நாடு விடுதலை பெற்றபோது வந்த இலக்கியத் தொகுப்பில் அவரைக் கவிஞர்கள் வரிசையில் சேர்க்காமல் நகைச்சுவைப் பகுதியில் போட்டார்கள். கொச்சைப் பேச்சு கவிதையாகாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. பின்னால் லின்டன் குவெசி ஜான்சன் லண்டனில் ரெகே தாளத்தின்மேல் தன் கவிதைகளைச் சொல்லி 1978-இல் ‘டிரெட் பீட் அன் பிளட்’ என்ற இசைத்தட்டாக வெளியிட்டார். இப்படி ரெகே தாளத்தோடு சொல்லும் ‘டப் கவிதை’ என்ற வகை நிலைபெற்றது. 2002-இல் பெங்குவின் நிறுவனத்தின் நவீனச் செவ்வியல் வரிசையில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் கவிஞரும் அவரே. நகைச்சுவைப் பகுதியில் போடப்பட்ட மொழி செவ்வியல் வரிசைக்கு வர 40 ஆண்டுகள் ஆயின.

செஃபனாயா அந்த மொழியைப் புத்தகம் வாங்காதவர்களிடம் கொண்டுபோனார். கவிதையை நூலகத்திலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் வெளியே இழுத்துவர வேண்டும் என்பதே அவருடைய குறிக்கோள். ஊர்வலங்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் காவல் நிலைய வாசலிலும் நடன அரங்கிலும் கவிதை சொன்னார். தாள் கையில் இருக்காது. சடைவிழுந்த கூந்தல் ஆட, உடம்பு முழுதும் தாளத்தில் அசைய, கோபத்தையும் சிரிப்பையும் ஒரே மூச்சில் சொல்வார். ரெகே பாடகர் பாப் மார்லி இறந்த பிறகு அவருடைய ‘வெய்லர்ஸ்’ குழு முதலில் சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது செஃபனாயாவோடுதான். அதில் நெல்சன் மண்டேலாவுக்கு ஒரு பாடல் இருந்தது. சிறையில் அதைக் கேள்விப்பட்ட மண்டேலா, விடுதலையான பின் அவரைச் சந்திக்க விரும்பினார். 1994-இல் வந்த செஃபனாயாவின் குழந்தைக் கவிதைத் தொகுப்பு ‘டாக்கிங் டர்க்கீஸ்’ ஆறே வாரத்தில் மறுபதிப்புக்குப் போனது.

இப்போது நம் போட்டி அறைக்கு வருகிறேன். ஒரு பள்ளியில் கவிதைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு மழை. வந்த தாள்களில் பாதிக்கு மேல் வானம் அழுதது, பூமி சிரித்தது. கடைசி பெஞ்சில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தாளில் நான்கு வரி எழுதி, அதையும் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். ‘வெள்ளம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வெல்லம்’ இருந்தது. ஒற்று எங்குமே இல்லை. படித்துப் புரிந்துகொள்ளவும் முடியவில்லை. ‘தம்பி, எழுத நினைச்சதை வாயால சொல்லேன்’ என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு எழுந்து நின்றான். ஓடு ஒழுகுகிற வீட்டில் ராத்திரி என்ன நடக்கும் என்று சொன்னான். குண்டானில் விழும் சொட்டுக்கு ஒரு சத்தம், பிளாஸ்டிக் வாளிக்கு ஒன்று, சில்வர் தட்டுக்கு ஒன்று. மூன்றையும் வாயாலேயே தாளமாகப் போட்டான். பாத்திரம் நிறைய நிறையச் சத்தம் எப்படி மாறும் என்பதையும் போட்டுக் காட்டினான். எது நிறைந்தது என்று படுத்தபடியே தெரிந்துவிடுமாம். அம்மா எழுந்து போய்க் கொட்டிவிட்டு வந்து வைத்ததும் முதல் சத்தம் மறுபடி கேட்குமாம். பிள்ளைகள் பேச்சுமூச்சில்லாமல் கேட்டார்கள்.

அவனுக்கு நான் முதல் பரிசு எழுதினேன். எழுதித் தந்த தாளைத்தான் மதிப்பிட வேண்டும் என்று விதியைக் காட்டினார்கள். மதிப்பெண் தாளில் பிழையின்மைக்குத் தனிக் கட்டம் இருந்தது. வானம் அழுத தாள் ஒன்று பரிசு வாங்கியது. விதியைக் காட்டிய ஆசிரியர்மேல் எனக்கு வருத்தமில்லை. விதியை அவர் எழுதவில்லை. ஆனால் விதியை மாற்றச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்பது நமக்குப் புதிதல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் ஏட்டில் எழுதுவார். உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் இதையெல்லாம் வியந்து எழுதியிருக்கிறார். பிள்ளையவர்கள் கையால் எழுதவில்லை என்பதற்காக அந்தப் புராணங்களை யாரும் தள்ளிவைக்கவில்லை. அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்குப் பார்வை இல்லை. திருக்கழுக்குன்றப் புராணம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் கற்றுத் தேர்ந்த புலவர்கள், எட்டாம் வகுப்புப் பையனோடு எப்படி ஒப்பிடலாம் என்று நீங்கள் கேட்கலாம். கவித்துவத்தை நான் ஒப்பிடவில்லை. சொல்வதை இன்னொருவர் எழுதினாலும் கவிதை சொன்னவருடையதே என்பதை நம் மரபு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. பெரிய புலவருக்குக் கொடுத்ததைச் சின்னப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அரசு விதிகளே நம் போட்டி விதியைவிட இளக்கமாக இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றோடு விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்கின்றன. வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தேர்வில் உள்ள அந்த வசதி, ஒரு சோப்பு டப்பாவைப் பரிசாகக் கொடுக்கும் கவிதைப் போட்டியில் ஏன் இல்லை?

ஒப்புவித்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனப்பாடப் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேடையில் கவிதை சொல்பவருக்கு நினைவாற்றல்தான் முதல் கருவி. எங்கே மூச்செடுப்பது, எந்தச் சொல்லில் நிறுத்துவது, எதிரே இருப்பவர் முகம் வாடினால் வேகத்தை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் வரும். ஆனால் நம் மேடையில் பிள்ளை எப்போதும் அடுத்தவர் வரியைத்தான் முழங்குகிறது. அதுவும் யாரோ சொல்லிக்கொடுத்த கையசைப்போடு, எல்லோரும் ஒரே குரலில். குறள் சொன்ன பிள்ளையை இறக்கிவிடும் முன், ‘நீயாகக் கட்டியது ஏதாவது இருந்தால் சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பேச்சில் சொன்னால் அப்படியே இருக்கட்டும். செந்தமிழுக்கு மாற்றச் சொல்லாதீர்கள். மேடையில் நின்றபடி மாற்றச் சொன்னால் பிள்ளை வாயை மூடிவிடும்.

எழுத்து வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. செஃபனாயா எழுதப் படிக்கத் தெரியாததைப் பெருமையாகச் சுமந்து திரியவில்லை. 21 வயதில் வெட்கத்தை விட்டு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டார். 1999-இல் ‘ஃபேஸ்’, 2001-இல் ‘ரெஃப்யூஜி பாய்’ என்று இளையோருக்கு நாவல்கள் எழுதினார். பிற்காலத்திலும் சில சொற்களின் எழுத்து வரிசை அவருக்கு நினைவுக்கு வராது. அந்த இடத்தில் ஒரு சின்னப் படமோ குறியோ போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போவார். பிறகு வந்து சரிசெய்வார். இதை உங்கள் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்கு நாளைக்கே சொல்லிக்கொடுக்கலாம். ‘ற’வா ‘ர’வா என்று அங்கேயே தேங்கி நிற்க வேண்டாம். ஒரு கோடு போட்டுவிட்டு யோசனையை முடி, பிழையை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். 2011-இல் பிரூனல் பல்கலைக்கழகம் அவரைக் கவிதைப் பேராசிரியராக அமர்த்தியது. 2023 டிசம்பர் 7 அன்று மூளைக்கட்டியால் இறக்கும்வரை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது, எழுத்து வராதது உன் அறிவைக் காட்டும் அளவுகோல் அல்ல என்பதையே.

நான் கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த கவிதைப் போட்டியின்போது அறையின் ஓரத்தில் ஒரு மேசை கூடுதலாகப் போடுங்கள். நன்றாக எழுதும் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். எழுதச் சிரமப்படும் பிள்ளை அங்கே போய்ச் சொல்லட்டும், இவர் சொன்னபடியே எழுதட்டும், ஒரு சொல்லையும் திருத்தாமல். மதிப்பெண் தாளில் பிழைக்கான கட்டத்தை எடுத்துவிடுங்கள். பிழை பார்க்க இலக்கணத் தேர்வு இருக்கிறது. எந்தப் பிள்ளை நன்றாகப் பேசியும் எழுதத் திணறுகிறது என்று மொழியாசிரியருக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பெயரைச் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் சொல்லி, உரிய பரிசோதனைக்கு அனுப்பப் பெற்றோரிடம் பேசுங்கள்.

இந்த முறையில் போட்டி நடத்த விரும்பும் பள்ளி எதுவானாலும் நான் நடுவராக வருகிறேன். பயணப்படி வேண்டாம். விதிமுறையை எழுத உதவி வேண்டுமென்றால் அதையும் செய்து தருகிறேன். எழுதுவதற்கு ஆள் குறைந்தால் அந்த மேசையில் நானே உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் போட்டிகளில் நடுவராக வரும் ஒருவர்